கந்தகப் புகையின் கணக்கு

நிலக்கரிப் புகை மண்டிய ஊர்களில் வானம் பொழிவது வெறும் தண்ணீர் அன்று, அமிலம் கலந்த நீர் என்பதை மான்செஸ்டர் நகரத்து மழையைப் பரிசோதித்துக் கண்டறிந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் ரசாயன சாஸ்திரி, 1872-ல் வெளியிட்ட தம் நூலில் அதனை 'அமில மழை' என்றே வழங்கினார். அதற்குப் பிறகு தொண்ணூறு வருஷங்கள் கழித்து, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹப்பர்டு புரூக் என்னும் மலைக்காட்டில் ஜீன் லைக்கன்ஸும் அவருடைய சகாக்களும் பிடித்து அளந்த மழையும் அதே அமிலத்தன்மையோடு இருந்தது. ஆலைப் புகையே அண்டாத காட்டில் இது எப்படி என்று அவர்கள் திகைத்தார்கள்.

விடை புகைபோக்கியின் உச்சியில் இருந்தது. ஆலையைச் சுற்றியுள்ள காற்று சுத்தமாக இருந்தால் சட்டத்துக்குப் போதும் என்று கருதிய மின்நிலையங்கள் புகைபோக்கிகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டியமையால், உள்ளூரார் மூக்குக்குத் தப்பிய கந்தகப் புகை காற்றேறி நூற்றுக்கணக்கான மைல் கடந்து, யாரோ ஒருவருடைய ஏரியில் மீன்களைக் கொன்றது.

இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் தேடியவர்களுக்கு, டொரான்டோவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் ஜே. எச். டேல்ஸ் நீர்நிலைகளை மனத்தில் வைத்து 1968-ல் எழுதிய யோசனை கைகொடுத்தது: அசுத்தத்துக்கு மொத்த வரம்பை அரசாங்கம் நிர்ணயிக்கட்டும், அதற்கு உட்பட்ட உரிமைகளை வேண்டியவர் வாங்கட்டும், வேண்டாதவர் விற்கட்டும். மூத்த ஜார்ஜ் புஷ் 1990-ல் கையெழுத்திட்ட சட்டம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு டன் கந்தக டை ஆக்ஸைடுக்கு ஓர் அனுமதி. வருஷ முடிவில் அனுமதி போதாதவர் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம் கட்டுவதோடு, அந்தக் குறையை மறு வருஷத்துப் பங்கிலிருந்தும் ஈடுசெய்தாக வேண்டும் என்று அது விதித்தது.

பாவத்தை விலைக்கு விற்பதா என்று அக்காலத்தில் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் காசு கொடுத்தவனுக்குக் கூடுதலாகப் புகைவிட இடம் கிடைப்பது, வேறொருவன் அந்த அளவைக் குறைத்தபின்தான் என்பதையும், மொத்தம் ஒரு டன்கூட மிகாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் சந்தை அன்று, புகைபோக்கிக்குள் பொருத்தப்பட்ட அளவுகருவி. இரவும் பகலும் ஓயாமல் மணிக்கு மணி அது கணக்கெழுதியது.

1993-ல், தானிய வியாபாரத்துக்குப் பேர்போன சிகாகோ வணிக மன்றத்தில் அனுமதிகள் முதன்முறையாக ஏலம் போயின. 1995-ல் 110 மின்நிலையங்களோடு திட்டம் தொடங்கியபோது, ஆலைக்காரர்கள் பயமுறுத்தியிருந்த விலையில் சிறு பங்குக்கே அனுமதி கிடைத்தது. ரயில் கட்டணக் கட்டுப்பாடு 1980-லேயே தளர்ந்திருந்ததால், வயோமிங் பிரதேசத்துக் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாக வந்து இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். புகையைக் கழுவும் யந்திரத்தை வைப்பதா, கரியை மாற்றுவதா, அனுமதி வாங்குவதா என்று அவரவர் தம் ஆலைக்குத் தக்கபடி தீர்மானித்தார்கள். பள்ளிக் குழந்தைகள் காசு திரட்டி அனுமதி வாங்கி, யாரும் பயன்படுத்தாதபடி பூட்டிவைத்ததும் உண்டு. 1980-ல் ஏறத்தாழ 173 லட்சம் டன்னாக இருந்த மின்நிலையக் கந்தகப் புகை, 2010-ல் சுமார் 51 லட்சம் டன்னாகக் குறைந்தது. பிற்காலத்தில் வந்த வேறு விதிகளுக்கும் அதில் பங்குண்டு.

ஐரோப்பா 2005-ல் இதே வழியைக் கரியமில வாயுவுக்குக் கைக்கொண்டபோது, தேவைக்கு மேல் அனுமதிகளை வாரி வழங்கிவிட்டது. 2007-ல் அவற்றின் விலை ஏறக்குறையச் சூன்யமாயிற்று. வரம்பு தளர்ந்தால் வியாபாரம் வெறும் காகிதம்.

நம் தேசத்தில் குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களில் இதைச் சோதிக்க வேண்டும் என்று 2011-ல் திட்டமிட்டார்கள். 2019-ல் சூரத்தில் அது செயலுக்கு வந்தது. சாயமேற்றும் ஜவுளி ஆலைகளின் கொதிகலன் புகையில் கலந்து வரும் நுண்தூசியே அங்கே வியாபாரச் சரக்கு. முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளில் ஏறத்தாழ பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து இந்தச் சந்தையில் சேர்த்தார்கள். மற்றப் பாதி பழைய விதியின் கீழேயே நின்றது. சந்தையில் சேர்ந்த ஆலைகளின் தூசி, சேராதவற்றோடு ஒப்பிடுகையில், நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்குவரை குறைந்தது.