தவளம் போன வழி

ஊர் உறவுகளுக்கு,

1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியைப் படிப்பிக்கும்போது ஒரு பெயர் வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்: ஹஜ்ஜி மரிக்கார். "சேர், நம்ம ஆளா?" என்று கேட்பார்கள். நம்ம ஆள்தான். அவர் அந்தப் பாடத்துக்குள் எப்படி வந்தார் என்று விளங்க, முதலில் தவளத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

தவளம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம். வண்டிப் பாதை இல்லாத காலத்தில் மாட்டின் முதுகில் இரு பக்கமும் மூட்டை தொங்கவிட்டுச் சரக்கு கொண்டுபோனார்கள். 1766 உடன்படிக்கைக்குப் பிறகு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கையில். கண்டி இராச்சியத்துக்கு உப்பும் கருவாடும் கீழிருந்து ஏற வேண்டும். பாக்கும் மிளகும் மலையிலிருந்து இறங்க வேண்டும். அந்தப் போக்குவரத்தில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அதற்காக மன்னராட்சியில் 'மடிகே' என்று தனிப் பிரிவே இருந்தது. அரச சரக்கைச் சுமப்பது அதில் உள்ளவர்களின் கடமை.

இந்த வேலைக்கு ஏடு கிடையாது. எந்த ஆற்றை எந்த மாதம் கடக்கலாம், புல்லும் தண்ணீரும் எங்கே, பொதியை எப்படிக் கட்டினால் மாட்டின் முதுகு புண்ணாகாது என்பதையெல்லாம் வாப்பாவோடு நடந்துதான் மகன் படித்தான். வீட்டில் தமிழ், வழியில் சிங்களம் என்று இரண்டு பாஷையும் அப்படித்தான் கைவந்தன.

வழி தெரிந்தவன் கையில் அதிகாரமும் உண்டு. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயருக்கு அது நன்றாக விளங்கியது. வெல்லஸ்ஸ மடிகேயை மில்லாவ திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, 1817இல் ஹஜ்ஜி மரிக்காரை முகாந்திரமாக நியமித்தார்கள். அந்த செப்டெம்பரிலேயே கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்தார்கள். அவர் உயிர் தப்பவில்லை. அந்த நாட்களில் வெல்லஸ்ஸைக்குப் போன பதுளை ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் அகப்பட்டது நம் முன்னோரின் இந்தத் தொழில்தான்.

பிறகு கோப்பித் தோட்டம் வந்தது, தேயிலை வந்தது. தெருப் போட்டார்கள், மாட்டு வண்டி ஓடியது. 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் ரயில் வந்து சேர்ந்தது. தவளத்துக்கு வேலையில்லாமல் போனது. மாடு போனதோடு, மாட்டுக்குப் பின்னால் நடந்தவர்களின் அறிவும் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது.

"நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்கிற காலம் இது. கோபப்பட்டால் அது பதிலாகாது. விபரம் சொல்லத் தெரிய வேண்டும். தோட்டத்து மக்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அதனால் அவை இன்று நூலில் கிடைக்கின்றன. பாடியவர்களோடு போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய மூத்தாப்பாவோ மூத்தும்மாவோ இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தவளம் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறார்களா? அவர்களின் பெரியவர்கள் எந்த வழியால் வந்தார்கள், எங்கே இராத் தங்கினார்கள்? மாட்டுக்கு நோய் வந்தால் என்ன மருந்து கொடுத்தார்கள்? போனில் பதிவு செய்யுங்கள். சிங்கள, தோட்டத்து அயலவர்களிடமும் கேளுங்கள். அந்த வழியில் உப்பு வாங்கியவர்கள் அவர்களின் பாட்டன்மாரும்தான். கிடைப்பதை ஊர்ப்பெயரோடு இங்கே கீழே எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும்.