மூளை மாறிய கணிப்பொறி

கணிப்பொறியின் மூளையைச் செயலி என்கிறோம். ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனி ஆணைமொழி உண்டு. ஒன்றுக்கென எழுதிய நிரலை மற்றொன்று அறியாது. அப்படியிருந்தும் ஆப்பிள் நிறுவனம் தன் மெக்கின்டாஷ் கணிப்பொறிகளின் செயலியை மும்முறை மாற்றியிருக்கிறது. எவ்வாறு என்று காண்போம்.

1984இல் மோட்டோரோலா 68000 செயலியுடன் வெளிவந்த மெக்கின்டாஷ், 1994இல் பவர்பிசிக்கு மாறியது. மடிக்கணிப்பொறிக்கு வேண்டிய மின்சிக்கனம் அதில் போதாமையால் 2006இல் இன்டெலுக்கும், 2020இல் தன் சொந்த எம்1 செயலிக்கும் மாறியது.

மக்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய நிரல்கள் என்னாவது? அவற்றின் ஆணைகளைப் புதிய செயலிக்குப் பெயர்த்துச் சொல்லும் துணைநிரல் ஒவ்வொரு முறையும் உடன் வந்தது. 2006இல் வந்ததன் பெயர் ரோசெட்டா. ஆனால் 2011இல் வந்த புதிய இயக்க அமைப்பில் அது நீக்கப்பட்டது. திருத்தி எழுதப்படாத பழைய நிரல்கள் அதில் ஓடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் என்றும் உடனிருப்பதில்லை. இருக்கும்போதே புதுமொழியைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை என்பதை இவ்வரலாற்றில் நாம் காண்கிறோம்.