கூடையும் பந்தியும்



நம் சபையின் அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. ஐப்பசி மழையை எதிர்நோக்கும் இந்நாட்களில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கழனிகளில் சம்பாப் பயிர் இன்னும் பச்சையாகவே நிற்கிறது. அதன் அறுப்புத் தை மாதத்தில்தான். மானாவாரி மணிலாக்கொட்டை மட்டுமே களத்துக்கு வந்திருக்கிறது. அப்படியிருக்க, இம்மாதத்தில் நமக்கு ஏன் அறுப்பின் பண்டிகை?

இதற்கு விடை பழையது. இஸ்ரவேலர் ஏழாம் மாதத்திலே, களத்தின் பலனையும் திராட்சை ஆலையின் பலனையும் சேர்த்தபின், முன்மாரிக்குச் சற்று முன்பாகக் கூடாரப்பண்டிகையை ஆசரித்தார்கள். அது நம்முடைய புரட்டாசி, ஐப்பசிக்கு ஒத்த காலம். இங்கிலாந்திலும் கோதுமை அறுப்பு அதற்குள் முடிந்துவிடும். 1843ஆம் ஆண்டு அக்டோபரில், கார்ன்வால் கடலோரத்து மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூரின் போதகர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், புதுத்தானியத்தில் சுட்ட அப்பத்தைத் திருவிருந்தில் வைத்து நன்றி செலுத்தத் தம் சபையாரை அழைத்தார். அவ்வழக்கம் ஆங்கிலத் திருச்சபையெங்கும் பரவி, மிஷனெரிமார் வழியாக நம் நாட்டையும் அடைந்தது.

காலத்தைப் பெற்றுக்கொண்ட நாம் பந்தியைப் பெற்றுக்கொண்டோமா? உபாகமம் 16ஆம் அதிகாரம் அப்பண்டிகையில் மகிழவேண்டியவர்களை வரிசையாகச் சொல்லுகிறது: பிள்ளைகள், வேலைக்காரர், லேவியன், பரதேசி, திக்கற்றவர், விதவை. இவர்களில் பலருக்குச் சொந்த நிலமில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத்துக்குப் போவாஸ் வயலிலேயே வறுத்த தானியம் கொடுத்தான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள்.

விளைச்சல் இருந்தால் மட்டும் பசி தீராது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோதும், இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அப்பஞ்சத்தில், தாமே உண்ணவும் பெலனற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டித்துண்டுகளை ஊட்டிய சிறுமி ஒருத்தி உண்டு. அவளே பின்னாளில் நம் திண்டிவனத்தில் தேவ அழைப்பை உணர்ந்து, வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர்.

சென்ற ஆண்டுப் பண்டிகையில், மணிலாக்கொட்டை பிடுங்கக் கூலிக்குப் போகும் சகோதரி ஒருவர், ஏலம் நடக்கையிலேயே எழுந்து போனார். பிறகு விசாரித்தேன். “படைக்கவும் ஒன்றுமில்லை, ஏலம் எடுக்கவும் பணமில்லை. சாப்பிட மட்டும் எப்படி ஐயா உட்காருவேன்?” என்றார். நம் காணிக்கைக் கூடைகளை நிரப்பிய கொட்டை அவர் கைகள் பிடுங்கியதே. அந்த ஏலத்தை நடத்தியவனும் நானே.

ஆகையால், இவ்வாண்டு ஆராதனை முடிந்தவுடன் முதலில் பந்தி, பிறகே ஏலம். காணிக்கையில் வரும் மணிலாக்கொட்டையில் ஒரு பங்கை அவித்து, வாசலில் எல்லாருக்கும் கொடுப்போம். நீங்கள் வரும்போது கூடையோடு, உங்கள் நிலத்தில் உழைத்தவரையும் அழைத்து வாருங்கள். அவருக்கு அருகில் அமர்ந்து உண்ணுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.