செங்கற்பட்டு தந்த வேகப் பந்துவீச்சாளர் இருவர்



மாமல்லபுரத்துக் கடற்கரையில் மாலை வேளையில் நடந்து சென்றால், ஈர மணலில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காணலாம். அவருள் ஒருவன் நெடுந்தூரம் ஓடிவந்து மிக விரைவாகப் பந்து வீசுவான். அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர், "இந்தப் பிள்ளை ஒருநாள் இந்தியாவுக்காக ஆடுவான்" என்று மகிழ்ந்து கூறுவார். அச்சொல்லை நாம் எவ்வளவு நம்பலாம்? இளம் வேகப் பந்துவீச்சாளன் ஒருவனுடைய வருங்காலத்தை முன்கூட்டிக் கணிப்பதற்கு வழி உண்டா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சோதிடம் கூற நான் வரவில்லை. நிறைவு பெற்ற வாழ்க்கைகளை ஆராய்ந்து, வரப்போகும் வாழ்க்கைகளுக்கு ஓர் அளவுகோலைத் தேடுவதே வரலாற்று மாணவனின் நெறி. அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தியாவுக்காக டெஸ்டு ஆட்டம் ஆடிய வேகப் பந்துவீச்சாளர் இருவர் நம் செங்கற்பட்டுப் பகுதியிலேயே பிறந்தவர்கள். ஒருவர் மொறப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த எம். ஜே. கோபாலன், மற்றவர் மாமண்டூரில் 1916ஆம் ஆண்டு பிறந்த சி. ஆர். ரங்காச்சாரி.

கோபாலன் ஒரே பருவத்தில் இரு கலைகளில் வல்லவராக விளங்கியவர். கிரிக்கெட்டிலே வேகப் பந்துவீச்சாளர்; ஹாக்கியிலோ இந்திய அணியில் இடம் பெற்றவர். 1934ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்டு ஆடினார். அப்போது அவருக்கு வயது 24. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றில் முதல் பந்தை வீசிய பெருமை அன்று கோபாலனுக்குக் கிட்டியது. மைசூர் அணி 48 ஓட்டங்களும் 59 ஓட்டங்களும் எடுக்க, சென்னை அணி 130 ஓட்டங்கள் எடுத்து, ஆட்டத்தை ஒரே நாளில் முடித்துவிட்டது. இவற்றையெல்லாம் கண்டவர் எவரும், "இவருக்கு ஒளிமிக்க எதிர்காலம் உண்டு" என்றே கணித்திருப்பர்.

1936ஆம் ஆண்டு அவர்முன் இரு பாதைகள் பிரிந்தன. பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் செல்லும் ஹாக்கி அணியா, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியா என்ற வினா எழுந்தது. முந்திய ஆண்டுதான் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடி வந்தவர் அவர். எனினும் கிரிக்கெட்டையே தேர்ந்துகொண்டார். ஆகஸ்டு 15ஆம் நாள் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி செருமனியை 8–1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதே நாளில் இலண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்டு தொடங்கிற்று. அந்த ஆட்டத்திலும் சரி, அதற்கு முந்திய இரண்டு டெஸ்டுகளிலும் சரி, கோபாலன் சேர்க்கப்படவில்லை. அவருடைய டெஸ்டு வாழ்வு கல்கத்தாவில் ஆடிய ஓர் ஆட்டத்தோடும், எடுத்த ஒரு விக்கெட்டோடும் முடிந்துவிட்டது.

அவர் தவறாகத் தேர்ந்தார் என்று இன்று கூறுவது எளிது. அன்று அவர் அறிந்திருந்தவற்றைக் கொண்டு நோக்கினால், அந்த முடிவில் பிழை காண இயலாது. விளைவைக் கொண்டு முடிவை எடைபோடுதல் வரலாற்றில் நாம் அடிக்கடி செய்யும் குற்றம். மேலும், அவர் வாழ்வு அங்கே வீணாகிவிடவும் இல்லை. ஆண்டுகள் பல சென்னை அணிக்காக உழைத்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950களில் தொடங்கிய ஆட்டத் தொடர்க் கோப்பை அவர் பெயரையே தாங்கியது. 2003ஆம் ஆண்டில் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

இனி ரங்காச்சாரியின் வரலாற்றைக் காண்போம். வேகப் பந்துவீச்சாளனுக்கு உடல் வலிமை முற்றி நிற்கும் காலம் ஏறத்தாழ 20 வயதிலிருந்து 30 வயது வரை எனலாம். ரங்காச்சாரிக்கு அந்த வயது வந்தபோது உலகப் போர் குறுக்கிட்டது. 1936 ஆகஸ்டுக்கும் 1946 சூனுக்கும் இடையே இந்தியா ஒரு டெஸ்டு ஆட்டங்கூட ஆடவில்லை. அவர் முதல் டெஸ்டு ஆடியது 1948 சனவரியில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், வயது 31. பிராட்மன் 201 ஓட்டங்கள் குவித்த அந்த இன்னிங்சில், ரங்காச்சாரி நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் மேற்கிந்தியத் தீவு அணி ஆடியது. 27 ஓட்டங்களுக்குள் அவ்வணியின் மூவர் ஆட்டமிழந்தனர். ஆனால் பின்வந்தவர்கள் நான்கு சதங்கள் அடித்து, மொத்த எண்ணிக்கையை 631 ஆக்கிவிட்டனர். அந்த வெள்ளத்தினிடையிலும் ரங்காச்சாரி 107 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளைப் பெற்றார். நான்கு டெஸ்டுகள், ஒன்பது விக்கெட்டுகள். அவர் கணக்கு அவ்வளவே. இருபத்திரண்டு வயதில் இவர் பந்துவீச்சைக் கண்டு வருங்காலத்தைக் கணித்தவர், போரையும் கணித்திருக்க இயலுமா?

திறமையும் வாய்ப்பும் ஒருபுறம் இருக்க, உடல் என்பது மற்றொன்று. வேகமாக வீசுபவன் முன்காலை ஊன்றும்போது, அவனுடைய எடையைப் போலப் பல மடங்கு விசை அக்காலின் வழியே இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏறுகிறது. வளர்ந்து முற்றாத எலும்பு, ஓய்வின்றி மீண்டும் மீண்டும் அவ்விசையைத் தாங்கினால் நுண்ணிய விரிசல் காண்கிறது. இதனால்தான் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், இளைஞர் ஒரே மூச்சில் வீசக்கூடிய ஓவர்களுக்கு வயதுக்கேற்ப வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973இல் முதுகெலும்பு முறிவால் வீழ்ந்தார். அவர் காலம் முடிந்தது என்று எண்ணியவர் பலர். அவரோ பொறுமையுடன் உடலைப் பேணி, 1974இல் மீண்டு வந்து, 355 டெஸ்டு விக்கெட்டுகளுடன் 1984இல் ஓய்வு பெற்றார்.

அந்த லில்லியே 1987இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியராக அமர்ந்தார். வேகப் பந்துவீச்சு கற்க வந்த ஒரு சிறுவனைப் பார்த்து, "நீ மட்டைப் பயிற்சியில் கருத்தைச் செலுத்து" என்று அறிவுரை கூறினார். அச்சிறுவர் சச்சின் டெண்டுல்கர். இல்லாததை இல்லை என்று அன்போடு சொல்வதும் நல்ல கணிப்பின் ஒரு பகுதி அன்றோ! இதற்கு மறுதலையாக, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 29. பதினெட்டில் புகழ் வராதவனைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்று.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் நன்றாக வேகப்பந்து வீசினான். போட்டி ஒன்றில் மூன்று நாட்களும் ஒரு முனையிலிருந்து அவனையே வீசச் செய்தோம். கோப்பை கிடைத்தது. இடுப்பு வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் என்று நான் தேற்றினேன். சில வாரங்களில் அவனால் குனிந்து புத்தகப் பையை எடுக்க முடியவில்லை. பின்னர் நலம் பெற்றான். ஆயினும் பந்து வீச அவன் திரும்பவே இல்லை. அவன் எந்த நிலையை எட்டியிருப்பான் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே கெடுத்தவன் நான்.

ஆகவே மாணவர்களே, நல்ல வேகப் பந்துவீச்சாளன் ஒருவனைக் கண்டால், "இவன் எவ்வளவு விரைவாக வீசுகிறான்?" என்று மட்டும் கேளாதீர்கள். அவன் வீசும் முறை உடலை வருத்தாமல் இருக்கிறதா, வயதுக்கு மேற்பட்ட சுமை அவன்மேல் ஏற்றப்படுகிறதா, தோற்ற நாளுக்கு மறுநாளும் பயிற்சிக்கு வருகிறானா, ஆடுவதற்குத் திடலும் அணியும் அவனுக்கு உண்டா என்று கேளுங்கள். இவற்றுள் பல, அவன் கையில் அன்று, நம் கையில் உள்ளவை.

மாமல்லபுரத்தில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த இரதங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சில, உச்சி நிறைவுற்றும் அடிப்பகுதி முடிவுறாமலும் நிற்கின்றன. சிற்பியின் திறத்தை அதனால் ஐயுறுவார் எவரும் இலர். கோபாலனையும் ரங்காச்சாரியையும் நாம் அவ்வாறே மதிப்போம். அடுத்து வரும் பிள்ளைக்கு வேலை நிறைவுறும்வரை காலமும் காப்பும் அளிப்போம்.