பங்கோர் கடிதம் முதல் பொய் மின்னஞ்சல் வரை

ஈப்போ மாநிலப் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1909-ஆம் ஆண்டில், பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச்சின் நினைவாக எழுப்பப்பட்டது. அதன் அருகிலுள்ள சாலைகளுக்கு இன்று டத்தோ மகாராஜா லேலா, டத்தோ சாகோர் என்று பெயர். பிர்ச்சைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இவர்கள். கொல்லப்பட்டவருக்கு மணிக்கூண்டு, கொன்றவர்களுக்குச் சாலை! சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் தினமும் இதைக் கடந்துதான் போகிறார்கள். ஒரு நாட்டை யார் ஆள்வது என்பதை வெளியிலிருந்து வந்தவர்கள் முடிவு செய்தால் என்ன நடக்கும் என்ற பாடம் அந்த நான்கு தெருக்களுக்குள் அடங்கியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டது என்ற செய்தி உலகையே உலுக்கியது. கணினிக்குள் புகுந்து கடிதங்களைத் திருடினார்கள், பொய்ப் பெயர்களில் பிரச்சாரம் செய்தார்கள் என்று கேட்டபோது இது புது யுகத்தின் புது நோய் என்றே பலரும் நினைத்தார்கள். நோய் பழையது. ஊசி மட்டும்தான் புதியது.

ஊர் இரண்டு பட்டால்...

பேராக்கில் அரியணை என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு நேராகப் போவதல்ல. சுல்தானுக்கு அடுத்தவர் ராஜா மூடா. அன்று அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ராஜா பெண்டாஹாரா. சுல்தான் காலமானால் ராஜா மூடா அரியணை ஏறுவது வழக்கம். ஆனால் பிரதானிகள் கூடி ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த வகையில் அது ஒரு தேர்வு. வாக்குப்பெட்டி இல்லாத தேர்தல் என்றும் சொல்லலாம்.

1871-இல் சுல்தான் அலி காலமானார். ராஜா மூடாவாக இருந்தவர் ராஜா அப்துல்லா. முறைப்படி அடுத்த சுல்தான் அவரே. ஆனால் அவர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. பிரதானிகள் ராஜா பெண்டாஹாராவான இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். ராஜா யூசோப் என்ற மூன்றாமவருக்கும் உரிமை இருந்தது. அவரை இரண்டு முறையும் ஒதுக்கிவிட்டார்கள்.

இதே நேரத்தில் லாருட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தன. சண்டையால் ஈய வியாபாரம் படுத்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பணம் போட்டிருந்த வணிகர்களுக்கு நஷ்டம். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பேராக் மூன்று பட்டுக் கிடந்தது. கூத்தாடிகளும் ஒருவர் இருவர் அல்லர்.

ஒரு கடிதம், ஒரு பேரம்

அப்துல்லா சிங்கப்பூர் போனார். அங்கே டான் கிம் சிங் என்ற பெரும் வணிகரின் ஆதரவு கிடைத்தது. உதவிக்குக் கைம்மாறு லாருட்டில் வரி வசூலிக்கும் குத்தகை. டபிள்யூ. எச். ரீட் என்ற ஆங்கில வணிகரும் துணை நின்றார். 1873 டிசம்பர் 30-ஆம் தேதியிட்டு, அப்துல்லா பெயரில் ஒரு கடிதம் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கிடம் போய்ச் சேர்ந்தது. தம்மைச் சுல்தானாக ஏற்க வேண்டும், ஆட்சி முறையைக் கற்றுத்தர ஓர் ஆங்கில அதிகாரியை அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

லண்டன் அரசு கிளார்க்கிடம் சொன்னது வேறு. மலாய் மாநிலங்களின் நிலைமையை விசாரித்து, அதிகாரியை நியமிக்கலாமா என்று அறிக்கை தரச் சொன்னது. கிளார்க் விசாரிப்பதோடு நிற்கவில்லை. பங்கோர் தீவுக்குக் கப்பலில் வந்தார். பேராக் பிரதானிகளை அழைத்தார். 1874 ஜனவரி 20-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பதவியில் இருந்த சுல்தான் இஸ்மாயில் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை. வராதவரின் பதவி போனது. வந்தவருக்குப் பட்டம் கிடைத்தது. இஸ்மாயிலுக்கு ஓய்வூதியமும் வெறும் பட்டமும் ஒதுக்கப்பட்டன. ஆனால் அரச சின்னங்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தின் உயிர் ஒரு வரியில் இருந்தது. மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லா விஷயங்களிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டும். நடந்தே ஆகவேண்டும் என்றால் அது ஆலோசனையா, உத்தரவா? ஆங்கிலப் பிரதியில் இருந்த அழுத்தம் மலாய்ப் பிரதியில் அப்படியே இறங்கவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் ஓர் ஆலோசகர் வருகிறார் என்று நினைத்தார்கள். வந்தவரோ ஆள வந்தார்.

கொடுத்தவன் எடுப்பான்

பிர்ச் 1874 நவம்பரில் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். ஆற்றில் வரி வசூலித்துப் பிழைத்து வந்த பிரதானிகளின் வருமானத்தில் கை வைத்தார். கடன் அடிமை முறையை எதிர்த்தார். தப்பி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்தார். அடிமை முறையை ஒழிப்பது நல்ல காரியம்தான். ஆனால் மொழியும் மரியாதையும் அறியாமல் அவசரப்பட்டார். பிரிட்டிஷார் தயவில் பட்டம் பெற்ற அப்துல்லாவே அவருக்கு எதிராகத் திரும்பினார். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில், பேராக் ஆற்றில் குளிக்கும் இடத்தில் பிர்ச் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்.

பின்னர் நடந்தது பழிவாங்கல். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்தன. 1877 ஜனவரி 20-ஆம் தேதி மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்துல்லா செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். இஸ்மாயில் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த யூசோப்பிடம் ஆட்சிப் பொறுப்பு போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முறைப்படி பார்த்தால் அப்துல்லாவின் உரிமை பொய்யல்ல. அந்நியர் தேர்ந்தெடுத்தவர் தகுதியற்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் உரிமை சரியாக இருந்தும், அது வந்த வழி சரியாக இல்லை. தம் மக்கள் கொடுத்த பதவியைத் தம் மக்கள்தான் பறிக்க முடியும். அந்நியன் கொடுத்த பதவியை அந்நியன் நினைத்த நாளில் எடுத்துக்கொள்வான்.

அதே ஆண்டில் நட்ட கன்று

மகாராஜா லேலா தூக்கிலேறிய அந்த 1877-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. பிர்ச்சுக்குப் பின் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ அவற்றைப் பேணி வளர்த்தார். அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது.

பங்கோர் ஒப்பந்தம் இல்லையென்றால் ரெசிடெண்ட் இல்லை. ரெசிடெண்ட் ஆட்சியில் வளர்ந்தது ரப்பர்த் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது கங்காணி தமிழகத்துக் கிராமங்களில் போய் நின்றான். சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை பால்மரம் வெட்டிய தமிழர்களின் கதை, யாரோ மூன்று ராஜாக்களின் சண்டையில் தொடங்கியது. தலையீட்டின் விளைவு தலையிட்டவரோடும் தலையிடப்பட்டவரோடும் நிற்பதில்லை. கடல் கடந்த மூன்றாம் மனிதனின் தலையெழுத்தையும் அது மாற்றிவிடும்.

அந்த மூன்றாம் மனிதனுக்கு வாக்குரிமை எளிதில் கிடைக்கவில்லை. 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அந்தத் தேர்தலில் பேராக்கின் கிந்தா உத்தாரா தொகுதியில் துன் வீ. தி. சம்பந்தன் வென்றார். 1957-க்குப் பின் குடியுரிமை கிடைத்து, தோட்டத்து மக்கள் ஒவ்வொருவராக வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். லயத்தில் பிறந்தவர் கையில் வந்த முதல் அதிகாரம் அந்த ஒரு சீட்டு. அதனால்தான் அதைக் களவாட வருகிறவனைப் பற்றி அறிந்திருப்பது அவசியமாகிறது.

திருட்டு நடக்கும் விதம்

அமெரிக்காவில் நடந்தது என்ன? 2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் ரகசியச் சொல் யாருக்கோ தெரிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்’ என்ற பொருளில், கூகுள் நிறுவனமே எழுதியது போல் இருந்தது. இணைப்பை அழுத்தியதும் கதவு திறந்துவிட்டது. பூட்டை உடைக்கவில்லை, சாவியைக் கேட்டு வாங்கினார்கள். ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுக் கணினிகளிலும் புகுந்தார்கள். எடுத்த கடிதங்கள் தேர்தல் நேரம் பார்த்து வெளியே விடப்பட்டன.

மறுபக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு நிறுவனம் அமெரிக்கர்களின் பெயரில் பொய்க் கணக்குகளைத் திறந்தது. அவற்றின் பதிவுகள் 12 கோடியே 60 லட்சம் பேரை எட்டியிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே மதிப்பிட்டது. 2018-இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட 13 ரஷ்யர்கள் மீதும், பின்னர் ரஷ்ய இராணுவ உளவுத் துறையினர் 12 பேர் மீதும் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது. ரஷ்யா மறுத்தது. 2019-இல் வெளிவந்த ராபர்ட் முல்லரின் அறிக்கை, தலையீடு விரிவாகவும் திட்டமிட்டும் நடந்தது என்றது. டிரம்ப் தரப்பு ரஷ்யாவோடு கூட்டுச் சதி செய்தது என்பதை விசாரணை நிறுவவில்லை. வாக்கு எண்ணிக்கை மாற்றப்பட்டதற்குச் சான்றும் இல்லை. அவர்கள் கை வைத்தது பெட்டியில் அல்ல, மனத்தில்.

மலேசியாவில் நடந்தவை

மலேசியாவில் அதிபர் தேர்தல் இல்லை. வாக்குச் சீட்டு காகிதம். எண்ணுவது மனிதக் கை. கட்சி முகவர்கள் முன்னிலையில் பாரம் 14-இல் எழுதப்படுகிறது. ஆகவே எண்ணிக்கையைக் கணினி வழியே மாற்றுவது எளிதல்ல. ஆனால் மனத்துக்குப் போகும் வழி இங்கேயும் திறந்தேதான் கிடக்கிறது.

2011 ஏப்ரலில் சரவாக் தேர்தல் நெருங்கிய நேரத்தில் மலேசியாகினி இணையத்தளம் முடக்கப்பட்டது. வாங்க வராத ஆயிரம் பேரைக் கடை வாசலில் நிறுத்தி, வாங்க வந்தவரை உள்ளே விடாமல் தடுப்பது போன்ற தாக்குதல் அது. 2013 பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று மலாய் மொழி ஆவணம் ஒன்றைக் கண்டெடுத்தது. 13-ஆவது பொதுத் தேர்தல் வேட்பாளர் பட்டியல் என்று அதற்குத் தலைப்பு. ஆவலோடு திறந்தால் கணினிக்குள் உளவு மென்பொருள் ஏறிவிடும். அந்த மென்பொருள் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் சரக்கு. யார் வைத்த பொறி என்று அறிக்கை சொல்லவில்லை.

2018-இல் லண்டனின் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா நிறுவனம் உலகம் முழுக்கச் சந்தி சிரித்தபோது, கெடாவின் பெயரும் அடிபட்டது. 2013-இல் கெடாவில் தேசிய முன்னணிக்காக வேலை செய்ததாக அந்த நிறுவனமே விளம்பரம் செய்திருந்தது. தேசிய முன்னணி அரசு அதை மறுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், எதிர்க்கட்சிகளைத் தாக்கும் பதிவுகளைத் தானியங்கிக் கணக்குகள் டுவிட்டரில் கொட்டின. அவற்றில் பல ரஷ்ய எழுத்துகளில் பெயர் கொண்டவை. ஆனால் ரஷ்ய அரசு தலையிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. சந்தையில் விலைக்கு வாங்கிய கணக்குகளாக இருக்கலாம் என்றார்கள். கூலிக்குக் கோஷம் போட ஆள் பிடிப்பது பழைய வழக்கம். இப்போது அந்த ஆள் மனிதனே இல்லை.

அந்நியர் மீது பழி

இதற்கு மறுபக்கமும் உண்டு. தோற்றவர்களும் பதவியில் இருப்பவர்களும் எதற்கெடுத்தாலும் ‘அந்நியர் கை’ என்று சொல்லித் தப்பிக்கலாம். 2012-இல் பெர்சே, சுவாராம் அமைப்புகள் மீது வெளிநாட்டு நிதி என்ற குற்றச்சாட்டு வீசப்பட்டது. ஆனால் 2013 மார்ச்சில், தேர்தலுக்கு முன், அன்றைய பிரதமர் நஜிப்பின் வங்கிக் கணக்குக்கு 68 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர் வந்தது. அரபு நாட்டு நன்கொடை என்று விளக்கம் தரப்பட்டது. அமெரிக்க நீதித் துறையோ 2016-இல், அது 1எம்டிபி பெயரில் திரட்டிய பணம் என்று வழக்குத் தொடுத்தது. வெளியூர்க்காரன் கொடுத்தது என்று சொன்ன பணம், உள்ளூர் மக்களின் கடனாக நின்றது!

ருமேனியாவில் 2024 டிசம்பரில், அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. டிக்டாக் வழியாக முறைகேடான பிரச்சாரம் நடந்தது என்ற உளவுத் தகவல்கள் அதற்குப் பின்னணி. 2025 மே மாதம் மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். தலையீட்டைத் தடுக்க வாக்கையே செல்லாததாக்கலாமா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. மருந்தும் அளவு மீறினால் நஞ்சுதான்.

தனியாக நிற்கும் வாக்காளர்

தோட்டம் இருந்த காலத்தில் வேட்பாளர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். பள்ளித் திடலில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். பொய் சொன்னால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்க முடியும். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் அந்தப் பேச்சை நாலு பேர் அலசுவார்கள். கிராணி சொல்வது ஒன்று, சங்கத் தலைவர் சொல்வது ஒன்று என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. அங்கேயும் மிரட்டல் உண்டு, அரிசி மூட்டை உண்டு. ஆனால் கொடுத்தவர் யார் என்று தெரியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் ஈப்போவின் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். இன்று பிரச்சாரம் கைத்தொலைபேசிக்குள் வருகிறது. ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் வேறு வேறு செய்தி. தந்தைக்குக் காட்டிய பயத்தை மகளுக்குக் காட்டுவதில்லை. எழுந்து நின்று மறுத்துக் கேட்கக் கூட்டமும் இல்லை.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பினால் தானாகவே வாக்காளர். 2022 பொதுத் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேல். அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி அச்சுறுத்தும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. பயம் காட்ட ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

என்ன செய்யலாம்? பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. புலனத்தில் வந்த செய்தியை மற்றவருக்குத் தள்ளிவிடுமுன், இதை முதலில் சொன்னவர் யார், சொன்னதால் அவருக்கு என்ன லாபம் என்று இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். ரகசியச் சொல்லைக் கேட்டு வரும் எந்தக் கடிதத்தையும் நம்பாமல் இருந்தால் போதும். வீட்டில் மாலை நேரத்தில், ‘உனக்கு என்ன வந்தது, எனக்கு இது வந்தது’ என்று கைத்தொலைபேசிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பழைய பெரட்டுக் களம் அங்கே திரும்பிவிடும்.

1874-இல் பங்கோரில் கூடியவர்களுக்குத் தாங்கள் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது முழுமையாகத் தெரியவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசாத ராஜாக்களுக்கு நடுவே மூன்றாமவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேராக் மக்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்க அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அத்தனை காலம் காத்துப் பெற்ற வாக்கை, ஒரு விரல் தட்டலில் பறிகொடுத்துவிடக் கூடாது.