பொம்மையின் உடலும் சந்தையின் அளவுகோலும்

அரசர்களையும் போர்களையும் ஆராய்ந்த அளவிற்கு, சிறுவர் கையாளும் விளையாட்டுப் பொருட்களை வரலாறு ஆராய்ந்ததில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் பெண்மக்களிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதற்கு அவையும் சான்று பகர்வனவே. பார்பி என்னும் அமெரிக்கப் பொம்மையின் உடலளவு குறித்துப் பல தசாப்தங்களாக நிகழ்ந்துவரும் விவாதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவ்வுடலளவு எவ்வாறு உருவாயிற்று, எக்காரணங்களால் மாறிற்று என்பவற்றை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்பியின் மூலவடிவம் சிறுமியருக்கென ஆக்கப்பட்டதன்று. மேற்கு ஜேர்மனியின் பில்ட் நாளிதழில் 1952இல் தோன்றிய கேலிச்சித்திர நாயகி லில்லி. 1955இல் பொம்மையாக வார்க்கப்பட்ட அவள், வளர்ந்த ஆடவரை நோக்கியே முதலிற் புகையிலைக் கடைகள் போன்ற இடங்களில் விற்கப்பட்டாள். மற்றெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான றூத் ஹான்ட்லர் 1956இல் சுவிற்சர்லாந்தில் அப்பொம்மையைக் கண்டார். தம் மகள் பார்பரா, வளர்ந்த பெண்களின் உருவங்கொண்ட கடதாசிப் பொம்மைகளை விரும்பி விளையாடுவதை அவர் முன்னரே அவதானித்திருந்தார். லில்லியைத் தழுவி உருவான பார்பி, 1959 மார்ச் 9ஆந் திகதி நியூயோர்க் விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் அறிமுகமானாள். உயரம் பதினொன்றரை அங்குலம். விலை 3 டொலர்.

பொம்மையை ஒருமுறை வாங்கினாற் போதும்; ஆடைகளையோ மீண்டும் மீண்டும் வாங்கவேண்டும். எனவே அவ்வுடல் ஆடையைத் தாங்கும் உடலாகவே அமைக்கப்பட்டது. உருவத்தைச் சிறிதாக்கலாம், துணியின் தடிப்பை அதே அளவிற்குச் சிறிதாக்க இயலாது. தையலும் மடிப்பும் இடையிற் சேரும்போது உருவம் பருத்துத் தோன்றுமாதலின் இடை ஒடுக்கப்பட்டது என்பர். எளிதில் ஆடை மாற்றுவதற்கென ஆக்கப்பட்டதேயன்றி, இயல்பான உடலைக் காட்ட ஆக்கப்பட்டதன்று என்று நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவியும் 2014இல் வாதிட்டார்.

இவ்விளக்கம் முற்றிலும் பொய்யன்று, ஆனால் முழுமையானதுமன்று. 1965இல் வெளிவந்த ஒரு பார்பியுடன் 110 இறாத்தலைக் காட்டும் எடைத் தராசொன்றும், உடல் மெலிவதற்கு வழிகூறும் சிறு நூலொன்றும் இணைக்கப்பட்டிருந்தன. உண்ணாதிருத்தலே அந்நூல் கூறிய அறிவுரை. துணியின் தடிப்பைக்கொண்டு இதற்கு விளக்கங்கூற முடியாது.

அறிவியலாய்வுகள் இவ்விவாதத்தை வலுப்படுத்தின. பார்பியின் அளவுகளை மனித உயரத்திற்குப் பெருக்கிக் கணித்த அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், அத்தகைய உடலமைப்பு ஓர் இலட்சம் பெண்களுள் ஒருவருக்கேனும் வாய்த்தல் அரிது என 1996இல் காட்டினர். அவளது ஆண் துணையான கென்னின் உடலோ ஏறத்தாழ ஐம்பதின்மருள் ஒருவருக்கு வாய்க்கக்கூடியது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. 2006இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையான 162 சிறுமியரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், பார்பியின் படங்களைக் கண்ட இளஞ்சிறுமியர் தம் உடல்பற்றிக் குறைந்த மதிப்பையும் மெலிய வேண்டுமென்ற விருப்பையும் வெளிப்படுத்தினர். அவர்களுள் மூத்தோரிடம் அவ்விளைவு காணப்படவில்லை.

எப்பொம்மையும் மனித உடலின் நேர்ப்பிரதியன்று. கற்பனைக்கு அளவுகோல் எதற்கு என வினவுவோர் உளர். கந்தற் பொம்மையைக் கண்டு எச்சிறுமியும் அதுபோலாக விரும்புவதில்லை என்பது மெய்யே. ஆனால் பார்பி, வளர்ந்தபின் நீ இவ்வாறாவாய் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்டவள். அங்ஙனம் விற்கப்படுவது ஒரே வார்ப்பாக இருப்பதே இங்கு பிரச்சினையாகின்றது.

2014இல் சராசரி அமெரிக்க யுவதியின் அளவுகளைக்கொண்ட லாமிலி என்னும் பொம்மை வெளிவந்தது. 2016 ஜனவரியில் மற்றெல் நிறுவனமும் நெட்டை, குட்டை, சதைப்பிடிப்பு என மூன்று புதிய உடலமைப்புகளை அறிவித்தது. 2012 முதல் 2014 வரை பார்பியின் விற்பனை ஆண்டுதோறும் வீழ்ந்தமை இங்கு மறக்கற்பாலதன்று. பெண்ணிலைவாதிகளும் பெற்றோரும் பன்னெடுங்காலம் எழுப்பிய குரலுக்கு, விற்பனை சரிந்தபோதே முழுமையான செவிசாய்ப்புக் கிட்டியது. பழைய ஆடைகள் பல புதிய உடல்களுக்குப் பொருந்தவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆடைக்கேற்ப உடல் என்றிருந்த முறைமையை மாற்றி, உடலுக்கேற்ப ஆடை தைக்கவேண்டியதாயிற்று.

எனவே, பொம்மையின் அளவு இயற்கை தந்ததுமன்று, கலைஞனின் தற்செயற் கற்பனையுமன்று; விற்பனையின் தேவையும் அதனை எதிர்த்தோரின் விடாமுயற்சியும் மோதியதில் விளைந்த வரலாற்றுப் பேறாகும். மாற்றம் வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அளவுகோல் இன்னும் சந்தையின் கையிலேயே உள்ளதாகையால், இவ்விவாதம் முடிந்துவிட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது.