கோட்டை இடிந்து பிறந்த வீதிகள்

மதுரையில் யாரிடம் வழி கேட்டாலும் திசையும் மாதமும் சேர்ந்தே பதில் வரும். கீழமாசி, தெற்காவணி மூலம், மேலச்சித்திரை, வடக்காடி. வெளியூர்க்காரருக்கு முதலில் தலை சுற்றும். மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்கள் இவை என்று தெரிந்துவிட்டால் பிறகு எந்தச் சந்தில் விட்டாலும் தொலைந்துபோக வாய்ப்பில்லை. ஆட்டோவில் போகிறவருக்கு ஒருவழிப்பாதைகள் இந்த அடுக்கைக் குலைத்துவிடும். நடந்து போகிறவருக்கே அது காலில் பிடிபடும்.

இந்த நகரை நடந்து பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலில் தொடங்கி வெளியே வருகிறார்கள். வரலாற்றைத் தேடி வருபவர் வெளியிலிருந்து உள்ளே போவதுதான் சரி. ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே நீளும் மேல வெளி வீதியிலேயே தொடங்கலாம். இருப்பதில் இளைய வீதி அது. அதன் வயது இருநூறுகூட ஆகவில்லை.

அதற்கு முன் அங்கே இருந்தது கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துக் கோட்டையை அகற்றி, இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டினார். 72 கொத்தளங்கள்; கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது ஏற்பாடு. சுற்றிலும் அகழி. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது பாளையக்காரர்களின் காலம் முடிந்திருந்தது; கோட்டைக்குக் காவலும் தேவைப்படவில்லை. மதிலுக்குள் ஊர் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அகழி நோய் பரப்பும் குட்டையாகக் கிடந்தது.

1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவெடுத்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சுவாரசியமானது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்கள் அந்த நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். மனைக்கட்டு கிடைக்கிறது என்றால் மண்வெட்டிக்கா பஞ்சம்? சில ஆண்டுகளில் கோட்டை தரைமட்டமானது. மதில் நின்ற வட்டாரத்தில் வெளி வீதிகள் உருவாயின. அவற்றுக்கும் மாசி வீதிகளுக்கும் நடுவே உண்டான தெருக்களுக்கு, வேலையை அளந்து கொடுத்த நில அளவையாளர் மாரட்டின் பெயரும், ஆட்களை வைத்து வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வைக்கப்பட்டன. தமிழகத்து ஊர்களில் மன்னர், மந்திரி, தலைவர் பெயரில் தெருக்கள் ஏராளம். ஒரு மேஸ்திரியின் பெயரில் இத்தனை நீளத் தெருக்கள் இருப்பது அபூர்வம். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் தேடி அலைகிற பயணிகள் அந்தப் பலகையை ஒரு நிமிடம் நின்று படிக்கலாம்.

கோட்டையில் மிஞ்சியது சொற்பம். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே அதன் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. பிளாக்பர்னின் நினைவாக ஊரார் எழுப்பிய விளக்குத் தூணுக்கு மட்டும் குறையில்லாத புகழ். கீழமாசி வீதிப் பக்கம் போனால் ஒரு வட்டாரமே ‘விளக்குத்தூண்’ என்ற பெயரில் வாழ்கிறது. அங்கே ஜிகர்தண்டா குடிக்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குக் கலெக்டரைத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால் கூப்பிடு தூரம். இடையில் பத்துத் தூண் சந்தை விட்டுவிடக் கூடாது. ஜவுளிக்கடைகளின் தொங்கும் துணிகளுக்கு நடுவே, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், தலைக்கு மேல் கூரை எதுவும் தாங்காமல் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நாயக்கரின் அரண்மனை ஒரு காலத்தில் இதுவரைக்கும் பரந்திருந்தது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால் எஞ்சிய பகுதி மட்டுமே. அரண்மனையின் முரசுக் கொட்டில் இருந்த இடம் நவபத்கானா தெரு என்ற பெயரோடு நிற்கிறது.

அடுத்த சதுரம் மாசி வீதிகள். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில் அல்ல, மாசி வீதிகளில். முன்பு தேரோட்டம் மாசி மாதத்தில் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரையும் மதுரைக்கு வரவழைத்து, சைவ, வைணவத் திருவிழாக்களை ஒன்றாக இணைத்தார் என்பது வழக்கு. மாதம் மாறியது, தேர் மட்டும் பழைய தடத்தை விடவில்லை. அவ்வளவு பெரிய தேர் திரும்ப இடம் கொடுக்கும் மூலைகள் மாசி வீதிகளில்தான் உண்டு. மூலைக்கு மூலை வடத்தைப் பிடித்தவர்கள் நின்றுவிட, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, விரற்கடை விரற்கடையாகத் தேரைத் திருப்புவார்கள்.

இந்த மாசி வீதிகளில் ஒன்றான மேலமாசி வீதியின் 251ஆம் எண் வீட்டு மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் உடையை அரைவேட்டியாகக் குறைத்துக்கொண்டார்.

ஆவணி மூல வீதிகளில் நுழைந்தால் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை நினைவுக்கு வராமல் இருக்காது. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மதுரையை நடந்தே பார்த்த கதை அது. மணிக்கடைத் தெரு, பொற்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, கூலக்கடைத் தெரு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறான். அந்த மதுரை இதே இடத்தில்தான் இருந்ததா என்பது தனி விவாதம். தொழிலுக்கு ஒரு தெரு என்ற வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள். கூலம் (தானியம்) வாங்கக் கீழமாசி வீதி மளிகைக் கடைகளுக்குப் போக வேண்டும். வடக்காவணி மூல வீதியில் இருந்த மத்திய காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போய்விட, அங்கே அடுக்குமாடி வாகன நிறுத்தம் எழும்பியிருக்கிறது. நடக்க உகந்த ஊருக்கு நடுவில் கார்களுக்கு மாடி கட்டியதை முன்னேற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அம்மன் சன்னதித் தெருவில் விட்டவாசல் என்ற பழைய கல்வாயில் ஒன்று உண்டு. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசலில் மிஞ்சியது அது என்பார்கள். அதைத் தாண்டி உள்ளே வந்தால் சித்திரை வீதி. இங்கே இப்போது வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கோபுரங்களைப் பார்த்தபடி நிம்மதியாக ஒரு சுற்று வரலாம்.

கடைசிச் சதுரமான ஆடி வீதிகள் கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கின்றன. மீனாட்சி திருக்கல்யாணம் நடப்பது வடக்காடி, மேற்காடி வீதிகள் சந்திக்கும் இடத்தில். வெளிக்கோட்டையைப் பிளாக்பர்ன் இடித்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆன பின்பும் ஊரில் எல்லாரும் இந்த மதிலைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றார். கோயில் தீட்டுப்பட்டுவிட்டதாகச் சனாதனிகள் கொதித்தார்கள். ராஜாஜியின் அரசு, நுழைந்தவர்கள்மீதும் அழைத்துச் சென்றவர்கள்மீதும் வழக்குப் பாயாமல் இருக்க முதலில் அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டிலேயே அது சென்னை மாகாணச் சட்டமானது.